வகை தெரியாத கோப்பும் நாங்கள் கற்ற பாடமும்

நம் வீட்டு வாசலில் ஒருவர் வந்து நின்று அழைக்கிறார். "யார் நீங்கள்? எந்த ஊர்? யாரைப் பார்க்க வேண்டும்?" என்று கேட்டறிந்த பின்னரே அவரை உள்ளே அழைத்து உட்கார வைக்கிறோம். ஒன்றும் கேளாமல், வந்தவர் மாமாதான் என்று நாமாக முடிவு செய்துகொண்டு பேசத் தொடங்கினால் என்ன ஆகும்? வந்தவர் சொல்ல வந்த செய்தி நம் காதில் விழாமலே போய்விடும். இந்த எளிய வழக்கத்தைக் கணிப்பொறிக்குச் சொல்லித்தர நாங்கள் ஒருமுறை மறந்தோம். அதனால் நேர்ந்ததையும், அதிலிருந்து கற்றதையும் இங்கே எழுதுகிறோம்.

பலகையில் வந்த பூச்சியம்

பள்ளி நுழைவாயிலருகே உள்ள அறிவிப்புப் பலகையை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். நாங்கள் பதினோராம் வகுப்பில் படித்தபோது, அந்தப் பலகைக்காகப் பைத்தான் என்னும் கணிப்பொறி மொழியில் ஒரு சிறு நிரல் எழுதினோம். கல்வி உதவித்தொகை, கட்டுரைப் போட்டி, நுழைவுத் தேர்வு முதலியவற்றை அறிவிக்கும் ஏழு இணையதளங்களின் செய்தியோடைகளை அந்த நிரல் நாள்தோறும் காலையில் படிக்கும். புதிய தலைப்புகளை அச்சிட்டுத் தரும். நாங்கள் அத்தாளைப் பலகையில் ஒட்டுவோம்.

ஆறு தளங்களிலிருந்து செய்திகள் ஒழுங்காக வந்தன. ஏழாவது தளத்திற்கு நேரே '0 செய்திகள்' என்று மூன்று வாரங்களாக அச்சாகிக்கொண்டிருந்தது. அங்கே புதிதாக எதுவும் இல்லை போலும் என்று நாங்களும் இருந்துவிட்டோம்.

ஒருநாள் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாயார் பள்ளிக்கு வந்தார். ஓர் அறக்கட்டளை வழங்கும் உதவித்தொகைக்குப் பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் பலர் விண்ணப்பித்துவிட்டதாகக் கேள்விப்பட்டு வந்திருந்தார். கடைசி நாள் கடந்து இரண்டு நாட்கள் ஆகியிருந்தன. அறிவிப்பு வெளியானது அந்த ஏழாவது தளத்தில்தான். அத்தாயார் எவரையும் குறை கூறவில்லை. "தினமும் பலகையைப் பார்த்துவிட்டு வா என்று பிள்ளையிடம் சொல்லித்தான் அனுப்புவேன், சிஸ்டர்" என்று மட்டும் சொன்னார்.

எங்கள் கணிப்பொறி ஆசிரியை சிஸ்டர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. பழைய தாள்களை எடுத்து மேசைமேல் பரப்பி, ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இந்தப் பூச்சியத்துக்கு என்ன பொருள்? அங்கே செய்தி இல்லை என்பதா? அல்லது உங்கள் நிரலுக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை என்பதா?" எங்களால் விடை கூற முடியவில்லை. அந்த விடையைத் தேடிப் படித்தவையே இக்கட்டுரை.

எக்ஸ்.எம்.எல். என்பது யாது?

செய்தியோடைகள் எக்ஸ்.எம்.எல். என்னும் எழுத்து முறையில் அமைந்தவை. 1986-ஆம் ஆண்டில் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்ட எஸ்.ஜி.எம்.எல். என்னும் பெரிய மொழியைச் சுருக்கி எளிமையாக்கி, உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 1998-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் நாள் இதனை வெளியிட்டது. ஒவ்வொரு செய்தியையும் ஒரு திறப்புக் குறிச்சொல்லுக்கும் ஒரு மூடு குறிச்சொல்லுக்கும் நடுவே வைத்து எழுதுவதே இதன் முறை. குறிச்சொற்களைத் தமிழிலேயே எழுதவும் இதன் விதி இடம் தருகிறது. கீழே உள்ளதைப் பாருங்கள்:

<அறிவிப்பு பதிப்பு="1">
  <தலைப்பு>கட்டுரைப் போட்டி</தலைப்பு>
  <கடைசிநாள்>ஜூலை 31</கடைசிநாள்>
</அறிவிப்பு>

இதில் எல்லாவற்றையும் தன்னுள் அடக்கி நிற்கும் 'அறிவிப்பு' என்பது வேர் உறுப்பு. 'தலைப்பு', 'கடைசிநாள்' என்பவை அதன் பிள்ளை உறுப்புகள். திறப்புக் குறிச்சொல்லுக்குள்ளேயே எழுதப்பட்ட 'பதிப்பு' என்பது ஒரு பண்பு. வேரிலிருந்து கிளை பிரிவதால் இந்த அமைப்பை மரம் என்றே அழைப்பர்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எக்ஸ்.எம்.எல். எழுதும் முறையை மட்டுமே வகுத்தது. எந்தச் சொல்லை எதற்குப் பயன்படுத்த வேண்டும் என்று வகுக்கவில்லை. ஒருவர் 'தலைப்பு' என்று எழுதுவதை மற்றொருவர் 'பெயர்' என்று எழுதலாம். இலக்கணம் ஒன்று, சொற்கள் வெவ்வேறு. ஆகவே ஒரு கோப்பு எக்ஸ்.எம்.எல். என்று அறிவதனால் மட்டும் அதனுள் என்ன இருக்கிறது என்று அறிந்துவிட்டதாகாது.

ஒரே வேலைக்குப் பல வகைகள்

செய்தியோடையின் வரலாறே இதற்கு நல்ல சான்று. 1999-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நெட்ஸ்கேப் நிறுவனம் ஆர்.எஸ்.எஸ். 0.90 என்னும் முதல் வடிவத்தை வெளியிட்டது. அதனை உருவாக்கிய இருவருள் ஒருவரான இராமநாதன் குஹா, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்றவர் என்பது நாம் மகிழத்தக்க செய்தி. மற்றவர் டேன் லிப்பி. அதே ஆண்டு ஜூலையில் அமைப்பை மாற்றி 0.91 வெளிவந்தது.

பின்னர் வழிகள் பிரிந்தன. 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் ஒரு குழுவினர் பழைய 0.90-இன் அமைப்பைத் தழுவி 1.0 என்னும் வடிவத்தை வெளியிட்டனர். அக்குழுவில் ஆரன் சுவார்ட்ஸ் என்னும் 14 வயதுச் சிறுவரும் இருந்தார்! அதே மாதத்தில் டேவ் வைனர் என்பவர் 0.91-இன் வழியில் 0.92-ஐ வெளியிட்டார், 2002-ஆம் ஆண்டு செப்டம்பரில் அதனை 2.0 ஆக்கினார். எண்ணைப் பார்த்தால் 1.0-இன் பிள்ளை 2.0 என்று தோன்றும். உண்மையில் அவை இரு வேறு குடும்பங்கள். இந்தக் குழப்பம் தீரவேண்டும் என்று வேறு சிலர் கூடி, ஆட்டம் என்னும் புதிய வடிவத்தை அமைத்தனர். அது 2005-ஆம் ஆண்டு டிசம்பரில் இணையத் தரமாக வெளியானது. இன்றும் ஆர்.எஸ்.எஸ். 2.0, ஆட்டம் ஆகிய இரண்டும் பெருவழக்கில் உள்ளன. ஒலிபரப்புத் தொடர்களான பாட்காஸ்ட்டுகள் ஆர்.எஸ்.எஸ். 2.0 வழியாகவே வருகின்றன.

இவை எல்லாம் செய்வது ஒரே வேலை. ஆனால் உள்ளே பார்த்தால் வேறுபாடு பெரிது. (கோப்புகளில் ஆங்கில எழுத்தில் உள்ள குறிச்சொற்களை இனி ஒலிப்புப்படி தமிழில் எழுதுகிறோம்.)

1. ஆர்.எஸ்.எஸ். 0.91, 0.92, 2.0: வேர் உறுப்பு 'ஆர்எஸ்எஸ்'. அதனுள் 'சேனல்', சேனலுக்குள் ஒவ்வொரு செய்தியும் 'ஐட்டம்'.
2. ஆர்.எஸ்.எஸ். 0.90, 1.0: வேர் உறுப்பு 'ஆர்டிஎஃப்'. 'ஐட்டம்' என்பவை சேனலுக்கு உள்ளே இல்லை. அதன் அருகே உடன்பிறந்தவைபோல் நிற்கும்.
3. ஆட்டம்: வேர் உறுப்பு 'ஃபீட்'. சேனலும் இல்லை, ஐட்டமும் இல்லை. ஒவ்வொரு செய்தியும் 'என்ட்ரி'.

கோப்பின் பெயர் எல்லாவற்றுக்கும் 'எக்ஸ்எம்எல்' என்றே முடியலாம். பெயரைப் பார்த்து வகையை அறிய இயலாது.

நாங்கள் செய்த மூன்று பிழைகள்

பைத்தான் மொழியுடன் 2006-ஆம் ஆண்டு முதல் 'எலிமென்ட் ட்ரீ' என்னும் தொகுப்பு சேர்ந்தே வருகிறது. கோப்பைப் படித்து மரமாக ஆக்கித் தருவது அதன் பணி. அதனிடம் நாங்கள் 'ஐட்டம் அனைத்தையும் தேடிக் கொடு' என்று எழுதியிருந்தோம். முதல் ஆறு தளங்களும் ஆர்.எஸ்.எஸ். 2.0 ஆதலால் கிடைத்தன. ஏழாவது தளம் ஆட்டம். அதில் ஐட்டம் என்பதே கிடையாது. தேடிய பொருள் இல்லாவிட்டால் இத்தொகுப்பு பிழை என்று கூவுவதில்லை. வெறும் பட்டியலைத் திருப்பித் தரும். வெறும் பட்டியலை எண்ணினால் பூச்சியம். இது முதற்பிழை.

காரணம் தெரிந்ததும் 'ஐட்டம்' என்ற இடத்தில் 'என்ட்ரி' என்று மாற்றினோம். மீண்டும் பூச்சியமே வந்தது! கோப்பைத் திறந்து கண்ணால் பார்த்தால் 'என்ட்ரி' இருக்கிறது. நிரல் இல்லை என்கிறது. இந்த இடத்தில்தான் பெயர்வெளி என்பதை அறிந்துகொண்டோம்.

ஒரு வகுப்பில் இரண்டு மேரிகள் இருந்தால் என்ன செய்கிறோம்? 'ஆ. மேரி', 'சூ. மேரி' என்று தலைப்பெழுத்தைச் சேர்த்து அழைக்கிறோம். அதுபோல வெவ்வேறு வகைக் கோப்புகளில் ஒரே சொல் வந்தாலும் மயங்காதிருக்க, சொல்லுக்கு முன்னே ஒரு நீண்ட முகவரியைச் சேர்க்கும் முறை 1999-ஆம் ஆண்டு ஜனவரியில் வகுக்கப்பட்டது. ஆட்டம் வகைக்குரிய முகவரி, வலைக் கூட்டமைப்பின் தள முகவரியில் தொடங்கி '2005', 'ஆட்டம்' என்று முடியும். அது பெயர் மட்டுமே. அங்கே சென்று எதையும் படிக்க வேண்டியதில்லை. எலிமென்ட் ட்ரீ இந்த முகவரியை நெளிவு அடைப்புக்குறிக்குள் இட்டு, அதையடுத்து 'என்ட்ரி' என்று சேர்த்து முழுப்பெயராக வைத்துக்கொள்கிறது. 'மேரி' என்று மட்டும் கேட்டால் வருகைப் பதிவேட்டில் 'ஆ. மேரி' அகப்படாதது போல, 'என்ட்ரி' என்று மட்டும் கேட்டதற்கு ஒன்றும் அகப்படவில்லை. இது இரண்டாம் பிழை.

முழுப்பெயரைக் கொடுத்தவுடன் தலைப்புகள் வந்தன. ஆனால் இணைப்பு முகவரி வெறுமையாக இருந்தது. ஆர்.எஸ்.எஸ். வகையில் 'லிங்க்' என்னும் உறுப்பின் நடுவே முகவரி எழுதப்பட்டிருக்கும். ஆட்டம் வகையில் நடுவே ஒன்றும் இராது. 'எச்ரெஃப்' என்னும் பண்பில் இருக்கும். தேதியும் அப்படியே. ஒன்று 'சனி, 07 செப்டம்பர் 2002' என்ற வரிசையில் எழுதும். மற்றது ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எண்களால் எழுதும். சொல்லை மட்டும் மாற்றினால் போதும் என்று எண்ணியதே எங்கள் மூன்றாம் பிழை.

சரியான முறை

முதற்படி: வந்தது எக்ஸ்.எம்.எல். தானா என்று பார்க்க வேண்டும். வேர் உறுப்பு ஒன்றே ஒன்று இருக்க வேண்டும். திறந்த குறிச்சொல் ஒவ்வொன்றும் மூடப்பட வேண்டும். கடைசியாகத் திறந்ததை முதலில் மூட வேண்டும். பண்பின் மதிப்பு மேற்கோள் குறிக்குள் இருக்க வேண்டும். முகப்பு அறிவிப்பு வரி இருந்தால் அதற்கு முன்னே ஒரு வெற்று வரிகூட இருக்கலாகாது. '&' என்னும் குறியை உரைக்கு நடுவே அப்படியே எழுதினாலும் தவறு; அதற்குரிய மாற்றுக் குறியீட்டை எழுத வேண்டும். இவற்றில் ஒன்று தவறினும் எலிமென்ட் ட்ரீ எத்தனையாவது வரியில், எத்தனையாவது இடத்தில் பிழை என்று சொல்லி நின்றுவிடும். அந்தச் செய்தியை மறைக்காமல் அப்படியே அச்சிட வேண்டும்.

இரண்டாம் படி: வேர் உறுப்பின் முழுப்பெயரைக் கேட்க வேண்டும். பெயர்வெளி இருந்தால் அதனைத் தனியே, சொல்லைத் தனியே பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். கோப்பை எழுதியவர் பெயர்வெளிக்கு ஒரு சுருக்கப் பெயரும் வைத்திருப்பார். செல்லப் பெயர் வீட்டுக்கு வீடு மாறுவதுபோல் அது கோப்புக்குக் கோப்பு மாறும். ஆகவே சுருக்கப் பெயரை நம்பாமல் முழு முகவரியையே ஒப்பிட வேண்டும்.

மூன்றாம் படி: வேர் உறுப்பின் பண்புகளைப் பார்க்க வேண்டும். 'ஆர்எஸ்எஸ்' என்னும் வேருக்கு 'வெர்ஷன்' என்னும் பண்பு உண்டு. 0.91-ஆ, 2.0-ஆ என்று அதுவே கூறிவிடும்.

நான்காம் படி: வகை தெரிந்தபின், அவ்வகைக்கென்றே எழுதிய தனிச் செயற்கூறிடம் கோப்பை ஒப்படைக்க வேண்டும். எல்லா வகைக்கும் ஒரே செயற்கூறு எழுத முயன்று அதில் நூறு நிபந்தனைகளைத் திணிப்பதைவிட இது நலம். எந்தச் செயற்கூறு படித்தாலும் இறுதியில் தலைப்பு, இணைப்பு, தேதி என்னும் மூன்றையும் ஒரே வடிவில் தரவேண்டும். அப்போது அச்சிடும் பகுதிக்கு மூலக் கோப்பின் வகையைப் பற்றிக் கவலை இல்லை.

ஐந்தாம் படி: வகை தெரியாவிட்டால் என்ன செய்வது? எல்லாவற்றிலும் முக்கியமானது இதுவே. வேர் உறுப்பு 'எச்டிஎம்எல்' என்றிருந்தால் நமக்கு வந்தது ஓடையன்று, ஒரு வலைப்பக்கம். பெரும்பாலும் 'பக்கம் இல்லை' என்னும் அறிவிப்பாக இருக்கும். 'எஸ்விஜி' என்றிருந்தால் அது ஒரு படம். 'கேஎம்எல்' என்றிருந்தால் நிலப்படச் செய்தி. இவை எதுவுமே இல்லையென்றால் மரத்தின் கிளைகளை எல்லாம் ஒருமுறை சுற்றி வந்து, எந்தெந்தக் குறிச்சொல் எத்தனை முறை வருகிறது என்று ஒரு பட்டியல் எடுக்கலாம். ஒரு சொல் ஒருமுறையும் மற்றொரு சொல் நாற்பது முறையும் வந்திருந்தால், நாற்பது முறை வந்ததே செய்திக்குரிய உறுப்பாக இருக்கக்கூடும் என்று ஊகிக்க வழியுண்டு. ஆனால் அந்த ஊகத்தைச் செய்ய வேண்டியவர் பட்டியலைப் பார்க்கும் மனிதர். நிரல் தானே ஊகித்துக்கொண்டு நடக்கலாகாது. 'இந்த வகை எனக்குத் தெரியாது' என்று சொல்லி அது நின்றுவிட வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள்

முதலாவது கோப்பின் அளவு பற்றியது. முழுக் கோப்பையும் மரமாக்கினால் நினைவகம் நிறைந்துபோகலாம். வகையை அறிய முதல் குறிச்சொல்லே போதும். ஆதலால் 'இட்டர்பார்ஸ்' என்னும் முறையைக் கையாளலாம். அது கோப்பைச் சிறிது சிறிதாகப் படித்து, உறுப்பு ஒவ்வொன்றும் தொடங்கும்போதே நமக்குச் சொல்லுமாறு அமைக்கலாம். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்ப்பது போன்றது இது.

இரண்டாவது பாதுகாப்பு. எக்ஸ்.எம்.எல். கோப்பில் ஒரு சுருக்கச் சொல்லை வரையறுத்து, அதனைப் பிற இடங்களில் விரித்துக்கொள்ள முடியும். இதனைத் தீயவழியில் பயன்படுத்துவோர் உண்டு. ஒரு சொல் பத்துச் சொல்லாக விரியும், அந்தப் பத்தும் தனித்தனியே பத்தாக விரியும், இப்படியே ஒன்பது நிலைகள் சென்றால் நூறு கோடி ஆகும்! 1 கிலோபைட்டுக்கும் குறைவான கோப்பு ஏறத்தாழ 3 கிகாபைட் நினைவகத்தை விழுங்கிவிடும். 'நூறு கோடிச் சிரிப்பு' என்னும் பொருள்படும் பெயர் இதற்கு உண்டு. முன்பின் அறியாதவரிடமிருந்து வரும் கோப்புகளைப் படிக்கும்போது, இத்தகைய விரிவுகளை மறுக்கும் 'டிஃப்யூஸ்ட் எக்ஸ்எம்எல்' போன்ற தொகுப்பைப் பயன்படுத்துவதே அறிவுடைமை.

இன்று பலகையில் காண்பது

எங்கள் நிரலைத் திருத்தி எழுதினோம். இப்போது பலகையில் '0 செய்திகள்' என்னும் சொல்லே வருவதில்லை. கோப்பைப் படித்து, உண்மையாகவே ஒன்றும் இல்லையென்றால் 'புதிய செய்தி இல்லை' என்று வரும். கோப்பு பழுதாக இருந்தால் 'படிக்க இயலவில்லை' என்று வரும். வகை புரியாவிட்டால் 'அறியாத வகை. தளத்தை நேரில் பார்க்கவும்' என்று தடித்த எழுத்தில் வரும். பின்னவை இரண்டில் ஒன்று வந்தால், எங்களில் ஒருவர் அன்று மதிய இடைவேளைக்குள் அத்தளத்தைக் கண்ணால் பார்த்து, கையால் எழுதி ஒட்டிவிட வேண்டும் என்பது எங்களுக்கு நாங்களே இட்டுக்கொண்ட விதி.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள். ஒரு பூச்சியத்தைத் தீர விசாரிக்காமல் நாங்கள் மூன்று வாரம் நம்பினோம். அதனால் ஒரு குடும்பம் இழந்த ஓராண்டு உதவித்தொகையை எங்கள் திருத்தத்தால் மீட்டுத் தர முடியவில்லை. தெரியாததைத் தெரியாது என்று வாய்விட்டுச் சொல்வது இழுக்கு என்று நாம் பலரும் எண்ணுகிறோம். வகுப்பில் ஆசிரியை கேட்கும்போது புரியாமலே தலையசைப்பதும் இதனால்தான். ஆனால் புரியவில்லை என்று சொன்னால்தானே அவர் மறுமுறை விளக்குவார்? நிரலுக்கும் அது பொருந்தும்.

அந்த மாணவி இவ்வாண்டு பதினோராம் வகுப்பில் எங்கள் கணிப்பொறிப் பிரிவிலேயே சேர்ந்திருக்கிறாள். காலைத் தாளைப் பலகையில் ஒட்டுவதற்கு முன் ஒவ்வொரு வரியையும் சரிபார்க்கும் பொறுப்பை அவளாகவே கேட்டு வாங்கிக்கொண்டாள். நாங்கள் பள்ளியை விட்டுச் சென்ற பிறகும் பலகை நல்ல கையில் இருக்கும் என்ற நிறைவு எங்களுக்கு உண்டு.

செய்து பார்க்க

1. மேலே தமிழில் கொடுத்துள்ள 'அறிவிப்பு' கோப்பைத் தட்டச்சு செய்து, பைத்தானில் படித்து, வேர் உறுப்பின் பெயரையும் 'பதிப்பு' என்னும் பண்பின் மதிப்பையும் அச்சிடுக.
2. அதே கோப்பில் ஒரு மூடு குறிச்சொல்லை நீக்கிவிட்டுப் படிக்கச் செய்க. எத்தனையாவது வரியில் பிழை என்று வருகிறது?
3. வேர் உறுப்புக்கு ஒரு பெயர்வெளியைச் சேர்த்தபின் 'தலைப்பு' என்று மட்டும் தேடுக. கிடைக்கும் விடைக்குக் காரணம் கூறுக.

— பன்னிரண்டாம் வகுப்பு, கணிப்பொறி அறிவியல் பிரிவு மாணவியர்